காட்டுமாட்டுக்குப் பதிலாக ஒரு தாய்மாமன்

பூண்டி
9 பிப்ரவரி 2024

தம்பி பொன்னுவேலுக்கு அக்கா சோலையம்மாள் எழுதுவது. இங்கே நான், உன் மச்சான், சௌம்யா, மாடுகள் எல்லாரும் குளிரைத் திட்டிக்கொண்டு சுகமாக இருக்கிறோம். உன் முட்டிவலி எப்படி? தேவசேனா இன்னும் உன்னைக் கடையில் உட்காரவைத்துத்தான் வைத்திருக்கிறாளா?

போனை விட்டுவிட்டு எழுதுகிறாளே என்று பார்க்காதே. இங்கே பஸ் நிற்கிற மேட்டில்தான் போன் எடுக்கும். அங்கே நின்று பேசினால் நீ சொல்வதற்கு முன்னால் ஊரே பதில் சொல்லிவிடும். தவிர, போனில் என்னை நீ எப்போது பேச விட்டாய்?

நம் சின்னவள் தமிழ்மதி ஓடி ஜெயித்த கதையைப் படம் எடுக்கிறார்கள் அல்லவா, அந்த டைரக்டர் மனோஜ்குமார் வீட்டுக்கு வந்திருந்தார். தங்கமான பிள்ளை. கேரட்டைப் பிடுங்கிச் சட்டையில் துடைத்துத் தின்றது. "பொண்ணு ஓடக் கூடாதுன்னு யாரு தடுத்தது?" என்று கேட்டார். யாரும் தடுக்கவில்லை என்றேன்.

"நீங்க அடிச்சிருப்பீங்கள்ல?"

"படிக்காததுக்கு அடிச்சிருக்கேன். ஓடுனதுக்கு எப்படிங்க அடிக்கிறது? பிடிக்க முடியாதே."

அவருக்கு முகம் வாடிவிட்டது. "தடை தாண்டுற பந்தயத்துல மெடல் வாங்குன பொண்ணுக்கு வாழ்க்கையில ஒரு தடைகூட இல்லைங்கிறீங்களேம்மா" என்றார். பாவமாக இருந்தது. அவள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது காட்டுமாடு விரட்டி, கல்கட்டையும் ஓடையையும் தாண்டி வந்து விழுந்தாளே, அதைச் சொன்னேன். அதை டிரில் வாத்தியார் பார்த்துத்தானே எல்லாம் தொடங்கியது.

அந்த நேரம் பார்த்து உன் மச்சான் பூண்டுக் கொட்டகையிலிருந்து வெளியே வந்தார். பூண்டைக் கட்டுக் கட்டாக மேலே தொங்கவிட்டுக் கீழே புகை போடுகிற நாள் இது. உள்ளே இருந்து வருகிறவர் கண் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். மிளகாய்ப் பழம் மாதிரிச் சிவந்து, தண்ணீர் ஊற்றிக்கொண்டு, சுவரைத் தடவித் தடவி வந்தார். சினிமாக்காரரைப் பார்த்த கூச்சத்தில் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

இப்போது கதையை எழுதித் தமிழ்மதிக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதில் அப்பா குடிகாரர். பெயர்கூட உன் மச்சான் பெயர்தான், நல்லசாமி. மகளின் ஷூவை அடுப்பில் போடுகிறாராம். "அப்பா டீக்கடைப் பக்கம்கூடப் போகமாட்டாரே" என்று அவள் ஓட்டப் பயிற்சி முகாமிலிருந்து அழுகிறாள். முன்பே அவள் படக்காரர்களின் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டாள். 'கதைக்குத் தேவையான மாற்றங்கள்' என்று அதில் ஒரு வரி கிடக்கிறதாம்.

அவள் அக்கா சௌம்யாவுக்கு ஆடலூரில் மாப்பிள்ளை பேசிக்கொண்டிருக்கிறோம். பையன் முகேஷ், காப்பியும் மிளகும் வைத்திருக்கிறார்கள். அவன் அப்பா ஞானவேல், குடித்தே செத்த தம்பியைப் பார்த்தவர். "குடி இருக்கிற வீட்டில் சம்பந்தம் வேண்டாம்" என்பது ஒன்றுதான் அவர் கேட்டது. படம் வந்தால் என்ன ஆகும் சொல்லு.

மனோஜ்குமார் கதையைத் திருத்தி எழுதப் பழனி அடிவாரத்தில்தான் ரூம் போட்டிருக்கிறாராம். நீ போய்ப் பேசு. உனக்குத்தான் வாய் இருக்கிறதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா


பழனி
17 பிப்ரவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி இங்கே முருகன் புண்ணியத்திலும் தேவசேனாவின் ஏச்சிலும் குறைவில்லாமல் இருக்கிறேன். முட்டிவலி என்னைவிட ஆரோக்கியமாக இருக்கிறது. அங்கே எல்லார் சுகத்துக்கும் எழுது.

டைரக்டரைப் போய்ப் பார்த்தேன். கடையிலிருந்து ஒரு விபூதிப் பையும் பெரிய சைஸ் முருகன் படமும் எடுத்துக்கொண்டு போனேன். படத்தைப் பார்த்து, "பிரேம் நல்லா இருக்கு சார்" என்றார். முருகனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சினிமாக்காரர்.

"தம்பி, எங்க மச்சான் டீயில சக்கரை கூடிட்டாலே சாயங்காலம் வரைக்கும் வருத்தப்படுற ஆளு. அவரையாப்பா குடிகாரர்னு எழுதுறே?" என்றேன்.

"சார், நிஜம் வேற, உண்மை வேற" என்றார்.

எனக்குத் தலை சுற்றியது. கடைக்கு வந்து தேவசேனாவிடம் சொன்னேன். "சரியாத்தானே சொல்லியிருக்கு. நெசமா இது உங்க கடை, உண்மையில நான்தானே பாக்குறேன்" என்றாள். பழனியில் எனக்கு ஆதரவு குறைவு, அக்கா.

மறுநாளும் போனேன். "வில்லன் வேணும்னா காட்டுமாடு இருக்கே தம்பி? நெசமா விரட்டுனது அதுதானே?" என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்னதைக் கேள்: "மாட்டைக் காட்டணும்னா தனியா அனுமதி வாங்கணும் சார். அடிக்கலை, பயமுறுத்தலைன்னு அதுக்கு ஆயிரம் விளக்கம் எழுதிக் குடுக்கணும். மனுசன்னா ஒரு கையெழுத்து போதும்."

பார்த்தாயா? இந்த நாட்டில் காட்டுமாட்டின் மானத்தைக் காக்க ஆபீஸ் இருக்கிறது. மச்சானின் மானத்தைக் காக்க முட்டிவலிக்காரன் ஒருத்தன்தான் இருக்கிறான்.

மனதை விடாதே. ரூமில் காப்பி நன்றாக இருக்கிறது. தினமும் போவதாகவே இருக்கிறேன்.

மச்சானுக்கு என் கும்பிடு. சௌம்யாவுக்கு முத்தம்.
பொன்னுவேல்


பூண்டி
2 மார்ச் 2024

தம்பிக்கு,

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் மச்சானுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, ஆனால் சாப்பாடு இறங்கவில்லை. பகலில் கொட்டகைக்குப் போகமாட்டேன் என்கிறார். கண் சிவந்து வெளியே வந்தால் யாராவது பார்த்துவிடுவார்களாம். பூண்டு ஈரம் கோத்துக் கெடக்கு.

"போய் ரெண்டு வார்த்தை கேட்டுட்டு வாங்க அந்த ஆளை" என்றேன். "புள்ள பேரு நாலு பேருக்குத் தெரியட்டும். என் பேரு எப்படிப் போனா என்ன" என்கிறார். அப்படிச் சொல்லிவிட்டு மாட்டுத் தொழுவத்தில் போய் நிற்கிறார். மாட்டுக்கு மட்டும்தான் சினிமா தெரியாதாம்.

ஆடலூர்க்காரர்கள் வைகாசியில் பூ வைக்க வருகிறோம் என்கிறார்கள். வெரசா ஏதாவது செய்.

நேரத்துக்குச் சாப்பிடு.
அக்கா


பழனி
30 மார்ச் 2024

அன்புள்ள அக்கா,

பங்குனி உத்திரக் கூட்டத்தில் நசுங்கியதுபோக மீதி நலமாக இருக்கிறேன். உங்கள் எல்லாரையும் நலமாக வைக்கிற சேதி ஒன்று இதில் இருக்கிறது. உட்கார்ந்து படி.

மச்சான் தப்பித்தார். படத்தில் அவர் இப்போது வாயில்லாப் பூச்சி. மகள் ஓடும்போது தூரத்தில் நின்று கண்ணைத் துடைப்பார். அவ்வளவுதான் வேலை.

வில்லன் யார் என்று கேட்கமாட்டாயா? நான்தான்!

நடந்தது இதுதான். காப்பி குடித்துக்கொண்டிருந்தவனை மனோஜ்குமார் திடீரென்று உற்றுப் பார்த்தார். "சார், உங்க மீசை..." என்றார். என் மீசையில் ஒரு கொடூரம் இருக்கிறதாம். இத்தனை வருடம் கூட வாழ்ந்த தேவசேனாவுக்குத் தெரியவில்லை, கலைஞனுக்குத் தெரிந்துவிட்டது. தாய்மாமன் பொன்னுவேல், அக்காள் மகளைத் தன் மகனுக்குக் கட்டிவைக்கப் பார்க்கிறான். அவள் ஓடக் கூடாது என்று ஷூவை அடுப்பில் போடுகிறான். இடைவேளைக்கு முன் வசனம் மட்டும் எனக்கு நாலு பக்கம். நடிக்கப்போவது வேறு ஆள், பெயரும் மீசையும் என்னுடையது.

எனக்குப் பிள்ளை இல்லாத குறையைச் சினிமா தீர்த்துவைத்தது பார். தடியாக ஒரு மகன் கிடைத்திருக்கிறான். தேவசேனா அவனுக்கு முருகவேல் என்று பெயர்கூட வைத்துவிட்டாள். "படத்துலயாவது அவனைச் சாப்பிடச் சொல்லுங்க, இளைச்சிருப்பான்" என்கிறாள்.

உடனே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். இந்த வயதில் எவனுக்கு வருகிறது இப்படி ஒரு வாய்ப்பு? தமிழ்மதியிடமும் பேசிச் சம்மதிக்க வைத்துவிட்டேன். மாமா ஆசைப்படுகிறேன் என்றதும், சரி மாமா என்று போனை வைத்துவிட்டாள்.

மச்சானைக் கொட்டகைக்குப் போகச் சொல். பூண்டு கெட்டுவிடப் போகிறது.
பொன்னுவேல்


பூண்டி
14 ஏப்ரல் 2024

பொன்னுவேலுக்கு,

சுகம் விசாரிக்கிற மாதிரி நீ ஒன்றும் செய்யவில்லை.

அவளுக்கு முதல் ஷூ வாங்கிக்கொண்டு வந்தது யார்? நீதானே? அளவு பெரிதாக இருக்கிறது என்று தேங்காய் நார் வைத்துக் கட்டிவிட்டாயே, அந்த ஷூவை நீயே அடுப்பில் போடுகிறாயா? ஒரு மீசைக்காகவா? மச்சானைக் காப்பாற்றப் போனவன் காப்பி குடித்துவிட்டு நான்தான் வில்லன் என்று நிற்கிறாய். உன்னைச் சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரியும். கூத்து பார்க்கப் போனால் மேடையில் ஏறுகிறவன்தானே நீ.

நாளைக்கு ஊரில் என்ன பேசுவார்கள்? சொந்த அக்காள் மகள் வாழ்வைக் கெடுத்த மாமன் என்று. எனக்குத் தம்பி ஒருத்தன்தான் இருக்கிறான். அவனையும் விற்றுவிட்டாய்.

தேவசேனாவுக்கு மட்டும் என் அன்பு.
சோலையம்மாள்


பழனி
22 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கோபம் நலமா? நன்றாகச் சாப்பிடுகிறதா? ஏப்ரலுக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. சௌம்யாவுக்குப் பூ வைத்துவிட்டார்கள் என்று தமிழ்மதி சொல்லித்தான் தெரிந்தது. கேட்டதும் கடைக்கு வந்த மொட்டைகளுக்கெல்லாம் சந்தனம் சும்மாவே தடவிவிட்டேன்.

என் வேடத்தில் நடிக்கிறவர் என்னைப் பார்த்துப் படிக்க வந்திருந்தார். கல்லாப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, நான் எப்படிக் கோபப்படுகிறேன் என்று காத்திருந்தார். எனக்குக் கோபமே வரவில்லை. கடைசியில் தேவசேனா வந்து என் மேல் கோபப்பட்டாள். அவர் அதை எழுதிக்கொண்டு போனார். ஆகவே திரையில் நீ பார்க்கப்போவது என் மீசை, தேவசேனாவின் முறைப்பு.

திட்டியாவது ஒரு கார்டு போடு.
உன் தம்பி


பழனி
19 ஜனவரி 2025

அன்புள்ள அக்கா,

குளிருக்குப் போர்த்திக்கொண்டுதானே படுக்கிறாய்? நான் இங்கே உதைபடாத இடங்களில் எல்லாம் சுகமாக இருக்கிறேன்.

படம் பொங்கலுக்கு வந்ததிலிருந்து அடிவாரத்தில் என் பவிசைக் கேட்காதே. உடுமலையிலிருந்து வந்த ஒரு அம்மா கடையில் விபூதி வாங்கிவிட்டு, போர்டில் பெயரைப் பார்த்தார். "பூண்டிப் பொண்ணோட மாமனா நீயி?" என்றார். ஆமாம் என்றேன், பெருமையாக. வாங்கிய விபூதியைத் திருப்பி வைத்துவிட்டு, "நீ தொட்டதை எப்படி நெத்தியில வைக்கிறது?" என்று போய்விட்டார். பாதயாத்திரைக் கூட்டம் ஒன்று காவடியோடு கடை முன்னால் நின்று எனக்கு நல்ல புத்தி வர வேண்டும் என்று அரோகரா போட்டது. நானும் சேர்ந்து போட்டேன். வேறென்ன செய்வது?

"ஷூவை எரிச்சது சினிமாவுக்காகங்க" என்று சொல்லிப் பார்த்தேன். "நெருப்பில்லாமயா காட்டுவாங்க" என்கிறார்கள். முந்தாநாள் மீசையை எடுத்துவிட்டேன். "குத்த உணர்ச்சி" என்று எதிர்க்கடை குழந்தைவேல் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

ஆனால் அக்கா, தமிழ்மதி அந்தக் கடைசித் தடையைத் தாண்டும்போது தியேட்டரில் எல்லாரும் எழுந்து நின்றார்கள். நானும் நின்றேன். பின்னாலிருந்து ஒருத்தன், "பாரு, மாமன் மட்டும் அழுதுக்கிட்டே நிக்கிறான், பொறாமை" என்றான்.

சௌம்யா கல்யாணம் மாசியில் என்கிறாள் தேவசேனா. தாய்மாமன் சீருக்குத் தட்டு, பட்டு எல்லாம் பார்க்க ஆரம்பித்துவிட்டோம். மாலைக்குத் திண்டுக்கல்லில் சொல்லலாமா, இல்லை இங்கேயே கட்டச் சொல்லவா? எழுது.
பொன்னுவேல்


பூண்டி
1 பிப்ரவரி 2025

தம்பிக்கு,

எல்லாரும் சுகம். நீயும் தேவசேனாவும் சுகமாக இருக்க வேண்டும்.

இந்த வருடம் பனி அதிகம். கேரட் பரவாயில்லை. காட்டுமாடு மறுபடி இறங்கி, கீழ்க்காட்டு வேலியை உடைத்துவிட்டது. மன்னவனூர் ரோட்டில் லாரி கவிழ்ந்து உருளைக்கிழங்கெல்லாம் உருண்டு கிடந்தது. சிவப்பு மாடு கன்று போட்டிருக்கிறது.

ஆடலூர்ச் சம்பந்தி வந்து போனார். படம் பார்த்தாராம். அவருக்கு ஒன்றுமில்லையாம், அவர்கள் பங்காளிகள்தான் ஏதோ பேசுகிறார்களாம். முதல் மாலை யார் போடுவது என்று கேட்டார். நான் காப்பி போட உள்ளே போய்விட்டேன்.

மண்டபம் சின்னது. மேடையும் சின்னது.

மாலையை இங்கேயே வாங்கிக்கொள்ளலாம், நீ சிரமப்பட வேண்டாம்.
அக்கா


பழனி
6 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

சிவப்பு மாட்டின் கன்றுக்கு என் ஆசி. நானும் சுகம், ஆனால் முட்டி மட்டும் ரொம்ப மோசம். டாக்டர் மலைப்பக்கமே போகக் கூடாது என்கிறார். மலையைப் படத்தில் பார்த்தால்கூட வலிக்குமாம்.

அதனால் கல்யாணத்துக்கு வர முடியாது போலிருக்கிறது. நீ தப்பாக நினைக்காதே. சீரைத் தேவசேனாவிடம் கொடுத்து பஸ்ஸில் அனுப்புகிறேன். பட்டு, அரக்குச் சிவப்பு. சௌம்யாவுக்கு அந்த நிறம்தான் எடுக்கும். மாலையைத் தமிழ்மதியே போடட்டும். மெடல் வாங்கின கை, எந்த மேடைக்கும் பொருந்தும்.

வில்லனுக்கு எந்தப் படத்தில் கடைசிக் காட்சியில் வேலை இருக்கிறது? நான் அன்றைக்குக் கடையில் உட்கார்ந்து, முகூர்த்த நேரத்துக்குக் கோயில் மணி அடித்தால் இங்கிருந்தே அட்சதை போட்டுக்கொள்கிறேன்.

நீ எதுவும் யோசிக்காதே. வேளைக்குச் சாப்பிடு.
பொன்னுவேல்


பூண்டி
20 பிப்ரவரி 2025

மாப்பிள்ளை பொன்னுவேல் அவர்களுக்கு நல்லசாமி எழுதுவது. எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. தப்பிருந்தால் தங்கச்சி தேவசேனாவைத் திருத்திப் படிக்கச் சொல்லவும். இங்கு சுகம். அங்கும் அப்படியே என்று நினைக்கிறேன்.

டைரக்டர் வந்திருந்தார். படம் ஓடுகிற சந்தோஷத்தில் எங்களைப் பார்க்க வந்தார். சாப்பிடும்போது உங்கள் அக்கா, "எந் தம்பி மீசைய எங்கய்யா பாத்தீங்க, இப்படிப் பண்ணிட்டீங்களே" என்று கேட்டாள்.

"மீசையா? நான் அதப் பத்திப் பேசவே இல்லியேம்மா" என்றார். "அவருதான் தெனமும் ரூமுக்கு வந்து உக்காந்துக்குவாரு. எந்திரிக்கவே மாட்டாரு. மச்சானை விட்டுருங்க, அவரு தாங்கமாட்டாரு, அந்த வீட்டுல ஒரு கல்யாணம் நிக்குது, என்னைய என்ன வேணும்னாலும் எழுதிக்கங்க, எனக்குப் புள்ளகுட்டி இல்ல, கெட்டுப்போறதுக்கு என்ன இருக்குன்னாரு."

உங்கள் அக்கா சாம்பார்க் கரண்டியோடு உள்ளே போனவள், டைரக்டர் கிளம்புகிறவரை வெளியே வரவில்லை. அவர் ரசம் கேட்டார். நான்தான் ஊற்றினேன்.

மறுநாள் வெள்ளனே பஸ் ஏறி ஆடலூர் போனேன். சம்பந்தி மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"அந்த வேசம் மொதல்ல எனக்கு வந்ததுங்க. குடிகாரன்னு எழுதியிருந்தாங்க. எம் மாப்ள அதைத் தன் தலையில வாங்கிக்கிட்டாரு. மேடையில மாமன் நிக்கக் கூடாதுன்னா, அந்தக் குடிகாரன் நான்தான்னு நானே உங்க பங்காளிககிட்டச் சொல்லிர்றேன். அதுக்கப்புறம் சம்பந்தம் வேணுமா வேண்டாமான்னு நீங்க முடிவு பண்ணிக்கங்க" என்றேன்.

அவர் மிளகைக் கிண்டிக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்.

"நீங்க குடிப்பீங்களா?"

"இல்லைங்க."

"அவரு ஷூவ எரிச்சாரா?"

"வாங்கிக் குடுத்தாருங்க."

"அப்ப அந்தப் படத்துல என்னதான்யா நெசம்?"

"எம் மக ஓடுனதுங்க."

அவர் சிரித்துவிட்டார். மிளகு வாரிக் கொடுத்து, "மாமன் இல்லாம என்ன கல்யாணம்? பங்காளிகளை நான் பாத்துக்கிறேன், அவரைக் கூட்டியாங்க" என்றார். இதுதான் நடந்தது.

உங்கள் முட்டிவலி பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. வண்டி வேண்டுமானால் அனுப்புகிறேன். நீங்கள் கையைப் பிடித்துக் கூட்டிப்போனால்தான் மேடை ஏறுவேன் என்று சௌம்யா சொல்லிவிட்டாள். நானும் அப்படித்தான் இருக்கிறேன்.

நான் எழுதுவது உங்கள் அக்காவுக்குத் தெரியாது. அவள் நேற்று நாலு கார்டு எழுதிக் கிழித்துப் போட்டாள். அது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

வரவும்.
நல்லசாமி


பழனி
24 பிப்ரவரி 2025

மச்சானுக்கு,

வருகிறேன்.

பொன்னுவேல்

அண்ணனுக்குத் தேவசேனா எழுதிக்கொள்வது: பதில் எழுதுகிறேன் என்று இவர் பேனாவைத் திறந்துகொண்டு உட்கார்ந்து, கடை பூட்டுகிற நேரம்வரை இவ்வளவுதான் வந்தது. இந்த மனுசன் இத்தனை சின்னதாக எதையும் எழுதி நான் பார்த்ததில்லை. உங்கள் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மொட்டை போட்டு வந்த ஒரு குடும்பத்துக்குச் சந்தனத்துக்குப் பதில் குங்குமத்தைத் தடவி அனுப்பிவிட்டார். நாங்கள் ரெண்டு பேரும் கல்யாணத்துக்கு முந்தின நாளே வந்துவிடுவோம், மாலை நான் கட்டச் சொல்லியிருக்கிறேன். இவர் அழுதது வேறு யாருக்கும் தெரிய வேண்டாம் அண்ணே, அந்த டைரக்டர் காதுக்கு மட்டும் போகவே கூடாது.